கத்தியக்காவும் மூன்றாவது கோடும்

கோழி வெட்டும் கம்பெனியில் அவளுக்குப் பதினோரு வருடம் ஒரே வேலை. சங்கிலியில் தலைகீழாகத் தொங்கியபடி கோழிகள் வரும். சுழலும் தகடு ஒன்று அவற்றின் கழுத்தை அறுக்கும். நூற்றில் இரண்டு மூன்று தலையைத் தூக்கியோ சிறகை அடித்தோ தகட்டுக்குத் தப்பிவிடும். தப்பியவை வெந்நீர்த் தொட்டிக்குப் போவதற்குள் கையால் அறுத்தாக வேண்டும். தகட்டுக்கு அந்தப் பக்கம் கத்தியோடு நின்றவள் அவள்தான். நொடிக்கு இரண்டு கோழி கண்முன் கடக்கும். எது செத்தது, எது சாகவில்லை என்று பார்த்து, சாகாததை மட்டும் இழுத்து ஒரே வீச்சு. அதனால் அவள் கத்தியக்கா ஆனாள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

ஆள் குள்ளம். கை மட்டும் ஆண்பிள்ளைக் கை. அவளிடம் வாலாட்டியவர்கள் குறைவு. பெண்கள் உடை மாற்றும் அறைக்குள் எட்டிப் பார்த்த லாரி டிரைவர் ஒருவனின் முகத்தைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் வைத்து அறைந்து சாத்தினாள். அவன் மூக்கு இன்றுவரை இடப்பக்கம் பார்க்கிறது. அவள் கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். பேச்சுக்குப் பஞ்சமில்லாத மனிதர். "எங்க வீட்டுல காய் நறுக்குறது நான்தாங்க. அவ கையில கத்தியக் கொடுத்துட்டு எதிர்ல உட்கார இன்னும் தைரியம் வரல" என்று யாரைக் கண்டாலும் சொல்வார்.

அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. மூத்தவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. இரண்டாவது பையன். நாற்பத்தொரு நாள் இருந்தான். சளி என்று ஆரம்பித்தது. மருத்துவமனையில் காட்டினார்கள், வெறும் சளிதான், ஆவி பிடிக்கவிடு என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்து குழிந்து உள்ளே போயிற்று. இரண்டாம் முறை தூக்கிக்கொண்டு ஓடியபோது, சீட்டு எழுதும் ஜன்னலில் முன்னால் பதினாறு பேர். பதினேழாவதாக நின்றபோதே மடியில் அடங்கிவிட்டான். அவள் ஜன்னல் கண்ணாடியை வெறுங்கையால் குத்தினாள். கண்ணாடி நொறுங்கி, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கிழிந்தது. ரத்தம் ஓட ஓட நின்றுகொண்டு, உள்ளே இருந்தவனிடம் "இப்ப எழுதுடா சீட்டு" என்றாளாம். பக்கத்தில் நின்றவர்கள் சொன்னது. அவளுக்கு நினைவில்லை.

பெருங்காய்ச்சல் வந்த வருடம் கம்பெனியில் ஏழு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் வாசலில் சோதனை வந்தது. ஷிப்டுக்கு உள்ளே போகிற ஒவ்வொருவரும் மூக்கில் குச்சி விட்டு, அட்டையில் கோடு விழவில்லை என்று காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். சோதனை செய்யப் பன்னிரண்டு பேரை உட்காரவைத்துக் கம்பெனி டாக்டரம்மா பழக்கினார். மங்கலான கோடு விழுந்த அட்டைகளை மேசைமேல் பரப்பி, ஒரு தடவை காட்டிவிட்டு மூடினார். பதினொரு பேர் திணறினார்கள். கத்தியக்கா ஒன்றுகூடத் தப்பவிடாமல் சொன்னாள்.

"எப்படிம்மா?" என்றார் டாக்டரம்மா.

"உயிர் இருக்கா இல்லையான்னு அரை நொடியில பாத்துப் பழகின கண்ணு டாக்டர். இது அசையாம வேற கிடக்குது."

அப்படித்தான் கத்தியை வைத்துவிட்டுக் குச்சியை எடுத்தாள். பெயர் மட்டும் மாறவில்லை.

முதலில் வந்த அட்டைகளில் கொரோனாவுக்கு மட்டும் ஒரு கோடு. இந்தக் குளிர்காலத்தில் புது அட்டைகள் வந்தன. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் நீளம். ஒரே சொட்டில் மூன்று கிருமி. மேலே இருப்பது சோதனை ஒழுங்காக நடந்ததா என்று காட்டும் கோடு. அதற்குக் கீழே ஃப்ளூ காய்ச்சலுக்கு ஒன்று, கொரோனாவுக்கு ஒன்று, கைக்குழந்தைகளின் நெஞ்சைப் பிடிக்கும் கிருமிக்கு ஒன்று.

"இந்தச் செவப்புக் கோடு என்னன்னு நினைக்கிற? தங்கம்" என்றார் டாக்டரம்மா.

"தங்கமா? செவப்பா இருக்கே டாக்டர். சேட்டு வாங்க மாட்டானே."

டாக்டரம்மா சிரித்தார். "தங்கத்த ரொம்பப் பொடியாக்கினா அது செவப்பாத்தான் தெரியும். ஒரு தலைமுடிய ஆயிரமாக் கிழிச்சா ஒரு கீற்று எவ்வளவு இருக்கும், அதைவிடப் பொடி. ஒவ்வொரு பொடி மேலயும் கொக்கி மாட்டியிருக்கு. சளியில கிருமி இருந்தா கொக்கி பிடிச்சுக்கும். பிடிச்சதை இழுத்துக்கிட்டு அட்டை மேல ஊர்ந்து போகும். கோடு விழுற இடத்துல இன்னொரு கொக்கி காத்துக்கிட்டு இருக்கும். எல்லாம் அங்க போய்க் கூட்டமா மாட்டினாத்தான் நம்ம கண்ணுக்குக் கோடாத் தெரியும்."

"நம்ம லைன் மாதிரின்னு சொல்லுங்க. கொக்கியில மாட்டு, இழுத்துட்டுப் போ, ஒரு இடத்துல கதைய முடி."

சிரித்து முடித்த பிறகு அவள் ஒன்று கேட்டாள். "எம் பையன் போனது இந்த மூணாவது கோடா டாக்டர்?"

"இருக்கலாம். இப்ப அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டரம்மா. கத்தியக்கா தலையாட்டிவிட்டு அட்டைப் பெட்டிகளை அடுக்கப் போனாள்.

கம்பெனியில் ஒரு விதி இருந்தது. கோடு விழுந்தவனுக்கு ஏழு நாள் உள்ளே இடமில்லை. ஒரு குளிர்காலத்தில் மூன்று முறை விழுந்தால், அவன் வேலைக்கு லாயக்கில்லாத உடம்பு என்று பெயரை நீக்கிவிடுவார்கள். அட்டையில் ஒரு கோடு இருந்த காலத்தில் போட்ட விதி. மூன்று முறை விழுந்தவன் அப்போது யாருமில்லை. மூன்று கோடு வந்த பிறகும் விதியை யாரும் தொடவில்லை. அது எல்லோர் கழுத்திலும் சுருக்காக இறுகியது. இறுகியபோது அவர்கள் கண்ணுக்குத் தெரிந்த முகம் கத்தியக்காவின் முகம்தான். அவளுடைய பிளாஸ்க்கில் காறித் துப்பி வைத்தார்கள். சைக்கிள் டயரைக் கிழித்தார்கள். ஒருநாள் பைக்குள் கைவிட்டபோது அறுத்த கோழித்தலை ஒன்று விரலில் தட்டுப்பட்டது. அதை மேசை ஓரத்தில் எல்லோருக்கும் தெரியும்படி வைத்துவிட்டு, "யாருதுப்பா இது? தலைய மறந்து வச்சுட்டுப் போயிட்டீங்க" என்று கேட்டுக்கொண்டே அன்றைய சோதனையை முடித்தாள்.

கிரேன் என்று ஒருவன். உயிர்க்கோழிகளைச் சங்கிலியில் மாட்டும் பிரிவு. லாரியிலிருந்து கோழிக் கூடைகளை இரண்டிரண்டாகத் தலைக்கு மேல் தூக்குவான், அதனால் அந்தப் பெயர். அவளைவிட ஆறேழு வயது சின்னவன். கத்தியக்காவோடு எட்டு வருடம் ஒரே கூடத்தில் வேலை செய்தவன். அந்தக் குளிரின் ஆரம்பத்தில் அவனுக்கு முதல் தடவை கோடு விழுந்தது. ஒரு மாதம் கழித்து இரண்டாவது தடவை. அன்று காலை ஆறு மணி ஷிப்டுக்கு வந்து மூக்கை நீட்டினான். கண்கள் சிவந்திருந்தன. பதினைந்து நிமிடம் கழித்து அவன் அட்டையில் மூன்றாவது கோடு, அடர் சிவப்பாக.

முதலில் கெஞ்சலாகத்தான் ஆரம்பித்தான்.

"அக்கா, நல்லாப் பாருங்க. அது கோடு இல்ல, நிழல்."

"கோடுதான்டா."

"இதோட எனக்கு மூணு தடவை ஆயிடும். பேரை எடுத்துருவாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். டாக்டரம்மாகிட்ட நான் பேசுறேன். இன்னைக்கு நீ உள்ள போகக் கூடாது."

"போன வருஷ அட்டையில ஒரே ஒரு கோடு. அதுல நான் சுத்தமா இருந்தேன். இப்ப மூணாக்கிட்டீங்க. அடுத்த வருஷம் பத்தாக்குவீங்களா? தேடிக்கிட்டே இருந்தா யார் உடம்புலதான் எதுதான் இல்ல?"

வரிசையில் நின்றவர்கள், "கேளுடா, நல்லாக் கேளு" என்றார்கள். கத்தியக்கா எழுந்து மேசையைச் சுற்றி வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"கிரேன், சொல்றதக் கேளு. இது கைக்குழந்தைங்க நெஞ்சைப் பிடிக்கிறது. உன் வீட்டுல ரெண்டு மாசப் பிள்ளை இருக்கு. வேலை கிடக்கட்டும். முதல்ல பிள்ளைகிட்ட நெருங்காம இரு. நெருங்கினா பிள்ளை தங்காது."

அந்தக் கடைசி வார்த்தையை வேறு மாதிரி சொல்லியிருக்கலாம் என்று அவளே பின்னால் பல தடவை சொல்லியிருக்கிறாள்.

"என்ன சொன்ன?" என்றான் கிரேன். மரியாதை போய்விட்டது. "என் பிள்ளைக்கா சாபம் விடுற? உன் பிள்ளைய முழுங்கிட்டு இப்ப என் பிள்ளைக்கு வர்றியா?"

கூடை தூக்கும் கையின் முஷ்டி அவள் வாயில் இறங்கியது. முன்பற்கள் இரண்டு உடைந்து நாக்கில் குத்தின. மேசையோடு பின்னால் சரிந்தாள். அட்டைகள், குச்சிகள், மருந்துக் குப்பிகள் எல்லாம் சிதறின. அவன் மேசையின் காலைப் பிடித்துத் தூக்கி அவள்மேல் கவிழ்த்தான். முழங்காலால் அதன்மேல் ஏறி அழுத்தினான். விலா எலும்பில் ஏதோ நெரியும் சத்தம் அவளுக்கே கேட்டது. வரிசையிலிருந்து ஒருவர்கூட நகரவில்லை. வாயில் ரத்தமும் பல்லுமாக, தரையில் துழாவிய அவள் கையில் இரும்பு ஸ்டூல் அகப்பட்டது. படுத்தபடியே வீசினாள். அது அவன் காதோரம் பட்டுத் தோல் பிளந்தது. அவன் ஆடிப்போய்ச் சரிந்தான். அவள் மேசைக்கு அடியிலிருந்து ஊர்ந்து வந்து, இரண்டாவது முறையும் ஓங்கினாள். அது அவன் தோளில். மூன்றாவதை ஓங்கும்போதுதான் விசில் சத்தம் கேட்டது.

மேற்பார்வையாளரை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள், அவர் இல்லாதபோது. கழுத்தில் கெட்டியான நாடாவில் விசில் தொங்கும். மனிதரைக் கூப்பிட்டாலும் லாரியைக் கூப்பிட்டாலும் அதே ஊதல். அவர் இருவரையும் பார்த்தார், சிதறிக் கிடந்த அட்டைகளைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏற்கெனவே மாட்டுற இடத்துல நாலு ஆள் குறையுது. நீங்க இங்க குஸ்தி போடுறீங்க. ஏம்மா, நீ போய் மருந்து போட்டுக்க. ரெண்டு நாள் வீட்டுல இரு. டேய், நீ இங்க நில்லு."

முதலுதவி அறையில் அவள் உதட்டில் ஐந்து தையல் போட்டார்கள். விலாவுக்குக் கட்டுப் போட்டார்கள். வீட்டுக்குப் போகாமல் மேசைக்கே திரும்பி வந்தாள். யாரோ மேசையை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். பதிவேட்டை எடுத்தாள். அன்றைய பக்கம் இல்லை. கிழித்த ஓரம் மட்டும் பல் பல்லாக நின்றது. வாசல் காவலாளியிடம் போய், வீங்கிய உதட்டோடு கேட்டாள்.

"கிரேன் வீட்டுக்குப் போனானா?"

காவலாளி தன் செருப்பைப் பார்த்தான். "எனக்கு எதுக்கு அக்கா வம்பு? விசிலுதான் பின்வாசல் வழியா உள்ள கூட்டிட்டுப் போனாரு. இவன் மட்டும் இல்ல. இந்த வாரம் அஞ்சாறு பேரு. வேலைக்கு வந்தா பேரு தப்பும்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போறாரு."

அவள் உள்ளே நடந்தாள்.

மாட்டும் கூடத்தில் நீல விளக்கு மட்டும்தான் எரியும். நீல வெளிச்சத்தில் கோழி அடங்கிக் கிடக்கும். மற்றபடி அது கண்ணுக்கும் காதுக்கும் நரகம். தூசி, இறகு, பீ நாற்றம், சங்கிலியின் இரைச்சல். எட்டு ஆட்கள் கூடைக்குள் கைவிட்டு, இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து, தலைகீழாகத் தூக்கிக் கொக்கியில் அறைவார்கள். ஒருவனுக்கு நிமிடத்துக்குப் பதினைந்து கோழி. அன்று ஐந்து பேர்தான் நின்றார்கள். கடைசியில் நின்றவன் கிரேன். காதோரம் துணி சுற்றியிருந்தது. வியர்வையில் முகம் எண்ணெய் பூசியதுபோல மினுங்கியது. உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. அவன் மாட்டிய கோழிகளில் பாதி ஒற்றைக் காலில் தொங்கின.

"கிரேன்! வெளிய வாடா!" என்று கத்தினாள். தையல் பிரிந்தது. சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அவன் ஒரு கோழியைக் கொக்கியில் அறைந்தான். கையை எடுக்கும்போது கண் செருகியது. கையுறையின் மணிக்கட்டுப் பட்டை கொக்கியின் வளைவுக்குள் போய் இறுகிக்கொண்டது. சங்கிலி அவனையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தது. நான்கைந்து அடி தடுமாறி நடந்தான். பிறகு கால் மடங்கியது. மடங்கியதும் முழு உடம்பும் அந்த ஒரு மணிக்கட்டில் தொங்கியது.

பக்கத்தில் நின்றவன் லைனை நிறுத்தும் கயிற்றை இழுத்தான். கயிறு அசையவில்லை. காய்ச்சல்காரர்கள் தடுமாறி அடிக்கடி கயிற்றை இழுத்து லைனை நிறுத்துகிறார்கள் என்று விசில் அதைக் கம்பியால் கட்டிவைத்திருந்தார். இன்னொருவன் மெயின் சுவிட்சுக்கு ஓடினான். அது கூடத்தின் மறுகோடியில், விசிலின் அறைக்குள்.

அடுத்து என்னவென்று கத்தியக்காவுக்குத் தெரியும். பதினோரு வருடம் பார்த்த பாதை. முதலில் மின்சாரம் பாயும் தண்ணீர்த் தொட்டி, பதினைந்தடி நீளம். கோழித்தலைகள் அதில் முங்கி மயங்கும். அதன்பிறகு நான்கடி வெறும் இடம். அதன்பிறகு தகடு. தண்ணீருக்குள் இருக்கும்வரை அவனைத் தொட்டால் அவளுக்கும் அதே கதி. அந்த நான்கடிதான் கணக்கு.

அவள் தகட்டுக்கு அந்தப் பக்கம் ஓடினாள். அவளுடைய பழைய இடத்தில் இப்போது நிற்கும் பெண் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "கத்தியக் கொடு!" அந்தப் பெண் கொடுக்கவில்லை. கையிலிருந்து பிடுங்கினாள். சங்கிலிக்கு அடியில் குனிந்து அந்த நான்கடிக்குள் நுழைந்தாள். கோழிகளின் சிறகுகள் முகத்தில் அறைந்தன. தொட்டியின் ஓரத்தை உரசியபடி வந்த கிரேனின் முழங்கை தண்ணீரைத் தொட்டதும் அவன் உடம்பு வில்லாக வளைந்து துடித்தது. தலை இரும்பு ஓரத்தில் மோதியது, மறுபடி மோதியது. வாயில் நுரை. பற்கள் கிட்டித்திருந்தன. பதினைந்தடி அப்படியே வந்தான். அவனுக்கு முன்னால் வந்த கோழிகள் அவள் தோளுக்குப் பின்னால் வரிசையாகக் கழுத்தறுந்தன. வெதுவெதுப்பாக ரத்தம் அவள் முதுகில் தெறித்தது.

தண்ணீரிலிருந்து அவன் கை வெளியே வந்ததும் பட்டையைப் பிடித்தாள். முறுக்கி முறுக்கிச் சதைக்குள் புதைந்திருந்தது. கத்தி நுழைய இடமில்லை. ஒரே ஒரு பக்கத்தில், சுண்டுவிரலுக்கு அடியில், கொஞ்சம் வழி இருந்தது. அந்த வழியில் விரலும் இருந்தது. யோசிக்க நேரமில்லை. கத்தியை வைத்து உடம்பின் எடையையும் சேர்த்து அழுத்தினாள். ரப்பர், தோல், எலும்பு எல்லாம் ஒன்றாக அறுந்தன. கிரேன் அவள்மேல் விழுந்தான். காலியான கையுறை, உள்ளே ஒரு விரலோடு, தகட்டுக்குள் போய்த் துண்டு துண்டாகச் சிதறியது.

இரண்டு நொடி கழித்து லைன் நின்றது.

அவள் தன் தலைத்துணியை அவிழ்த்து அவன் கையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அப்போது விசில் ஓடி வந்தார். ஓடி வந்தவர் கீழே கிடந்தவனைப் பார்க்கவில்லை. மேலே நின்றுபோன சங்கிலியைப் பார்த்தார்.

"எவன்டா லைன நிறுத்தினது? கொதித் தொட்டியில கோழி வெந்து போகுது, யாரு பதில் சொல்றது?"

கத்தியக்கா கத்தியைப் பக்கத்துக் கூடைக்குள் வைத்தாள். அதை வைத்துவிட்டுத்தான் எழுந்தாள் என்று நீதிமன்றத்தில் மூன்று பேர் சாட்சி சொன்னார்கள். எழுந்து அவர் கழுத்து நாடாவைப் பிடித்தாள். இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்தாள். அவர் மண்டியிட்டார். நாடாவாலேயே அவர் முகத்தைத் தரையில் வடிகாலை மூடியிருந்த இரும்புக் கம்பியில் மோதினாள். ஒருமுறை இல்லை. எண்ணியவர் யாருமில்லை. "கம்பியால கட்டினியே, கம்பியால கட்டினியே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அவர் கண்ணைச் சுற்றி எலும்பு உடைந்தது. நான்கு பேர் சேர்ந்து இழுத்தும் நாடாவை விடவில்லை. கடைசியில் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.

"அவங்க பிரிக்கலன்னா அவனைக் கொன்னுருப்பேன்" என்று பிறகு கணவரிடம் சொன்னாள். "கோபத்துல இல்லங்க. அது பாட்டுக்குக் கை போய்க்கிட்டே இருந்துச்சு. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

காவல்நிலையத்திலிருந்து பெண்கள் சிறைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் பார்க்க வந்த கணவரிடம் அவள் முதலில் சொன்னது ஜாமீனைப் பற்றி இல்லை.

"கிரேன் வீட்டுக்குப் போங்க. அவன் பொண்டாட்டிகிட்ட சொல்லுங்க. கோடு விழுறதுக்கு முன்னாடியே ரெண்டு நாளா அவன் பிள்ளையத் தூக்கியிருப்பான். பிள்ளை பால் குடிக்காம இருந்தாலோ, மூச்சு விடும்போது விலா குழிஞ்சாலோ, உடனே ஓடச் சொல்லுங்க. வெறும் சளின்னு யார் சொன்னாலும் திரும்ப வேண்டாம்னு சொல்லுங்க."

மெக்கானிக் போனார். கதவைத் திறந்தது கிரேனின் அண்ணன். "விரலை வெட்டினவ புருஷனா நீ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கன்னத்தில் ஒன்று, வயிற்றில் ஒன்று வைத்தான். தெருவில் தள்ளிக் கதவைச் சாத்தினான். மெக்கானிக் எழுந்தார். ஒரு கண் மூடிக்கொண்டது. தெருவில் நின்றபடியே, மனைவி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல், கிரேனின் மனைவி இருந்த மாடிக்குக் கேட்கும் குரலில் மூன்று தடவை கத்தினார். பக்கத்து வீட்டு ஜன்னல்களெல்லாம் திறந்தன. நான்காவது தடவை ஆரம்பித்தபோது மேலிருந்து ஒரு வாளித் தண்ணீர் தலையில் விழுந்தது. "தண்ணி ஊத்தினா என்ன, காதுல விழுந்துச்சுல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் வந்தார்.

விழுந்திருந்தது. மூன்றாம் நாள் விடியலில் பிள்ளை பாலைத் துப்பியது. கிரேனின் மனைவி துணியை விலக்கி நெஞ்சைப் பார்த்தாள். பார்த்ததும் செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். கணவன் படுத்திருந்த அதே மருத்துவமனை. "அவருக்கு எந்தக் கிருமின்னு தெரியும்ல, அதுதான்" என்று சொன்னதும் வரிசையில் நிற்கவிடாமல் உள்ளே எடுத்துக்கொண்டார்கள். ஒன்பது நாள் மூக்கில் குழாயோடு கிடந்தது. பத்தாம் நாள் பால் குடித்தது.

வழக்கு ஐந்து மாதம் நடந்தது. கம்பெனி வக்கீல், கிரேனுக்குக் கோடு விழவே இல்லை, பதிவேட்டில் அப்படி ஒரு பக்கம் இல்லை என்றார். தொழிற்சாலை ஆய்வாளர் அம்மா விபத்து நடந்த அன்றே வந்து, வாசலில் சிதறிய அட்டைகளை அள்ளிப் போட்டிருந்த மஞ்சள் குப்பைப் பையைக் கட்டி எடுத்துப் போயிருந்தார். அதற்குள் அந்த அட்டை இருந்தது. பின்னால் கிரேனின் எண்ணும் பார்த்த நேரமும் கத்தியக்காவின் கையெழுத்தில். கோடு மங்கவில்லை. பல மணி நேரம் கிடந்தால் சிலசமயம் இல்லாத கோடும் தோன்றும் என்றார் வக்கீல். அது உண்மைதான் என்று டாக்டரம்மாவும் ஒப்புக்கொண்டார். ஆனால் அன்று மாலையே மருத்துவமனையில் அவன் சளியை எடுத்துப் பார்த்ததிலும் அதே கிருமி இருந்தது என்றார். அதன்பிறகு வக்கீல் அட்டையைப் பற்றிப் பேசவில்லை.

கிரேன் கூண்டில் ஏறினான். நான்கு விரல் கையைக் கம்பிமேல் வைத்துக்கொண்டான். கம்பெனி தன் பக்கம் இருக்கச் சொல்லி அவனிடம் ஆள் அனுப்பியிருந்தது எல்லோருக்கும் தெரியும்.

"வாசல்ல அக்காவ முதல்ல அடிச்சது நான்தாங்க. பல்லை உடைச்சேன். பிறகு அவங்க என் விரலை வெட்டினாங்க. வெட்டலன்னா இந்தக் கை முழுசும் போயிருக்கும், கை போற வேகத்துல நானும் போயிருப்பேன். அந்தக் கயித்த யாரு கட்டினாங்கன்னும் நான் பார்த்தேன்" என்றான். கத்தியக்காவின் பக்கம் திரும்பவில்லை.

விசிலை அடித்ததற்காக அவளுக்கு ஒரு வருடத் தண்டனை. உள்ளே போக வேண்டாம், நன்னடத்தைக்குக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றது நீதிமன்றம். விசிலுக்கு ஒரு கண்ணில் பாதிப் பார்வைதான் திரும்பியது. கயிற்றைக் கட்டியதற்கு அவர்மேல் தனி வழக்கு. மூன்று தடவை விதியைக் கம்பெனி சத்தமில்லாமல் எடுத்துவிட்டது. கத்தியக்காவை மறுபடி சேர்க்கவில்லை. அவளும் கேட்கவில்லை. கிரேன் மன்னிப்புக் கேட்டு அவள் வீட்டுக்கு வரவில்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

டாக்டரம்மா சொல்லி, அந்த அட்டைகளைத் தயாரிக்கும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை கிடைத்தது. பெட்டிக்குப் பத்து அட்டையை எடுத்து, கொடுத்த சொட்டை விட்டு, கோடு சரியாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளை அறை. ஆறு பெண்கள். இரைச்சலும் இல்லை, திட்டும் இல்லை. முதல் மாதம் அந்த அமைதியில் அவளுக்குத் தலைவலி வந்தது. சுவரை ஒட்டி உட்கார்ந்தால்தான் வேலை ஓடியது. யாரும் பின்னால் வரக் கூடாது.

ஒரு மாலை, பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். பின்னாலிருந்து யாரோ தோளைத் தொட்டார்கள். திரும்பும்போதே முஷ்டி கிளம்பிவிட்டது. மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் எப்படியோ நிறுத்தினாள். கண்ணாடி போட்ட ஒரு கிழவர். கையில் காய்கறிப் பை. அவருக்கு எதுவும் புரியவில்லை.

"பத்தாம் நம்பர் போயிடுச்சாம்மா?" என்றார்.

"இல்லங்க. இனிமேதான் வரும்" என்றாள்.

பேருந்து வந்தது. அவரை முன்னால் ஏறவிட்டாள். ஏறி உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மடியில் கிடந்த அந்தக் கையை மற்ற கையால் விரல் விரலாகப் பிரித்தாள். வீட்டு நிறுத்தம் வரும்வரை அது முழுதாகத் திறக்கவில்லை.